இடது கால்

மார்ச் 9
வீடு

நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் மூன்றாவது பேச்சிலேயே இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பீர்கள்.

அத்தை போய் இன்றோடு முப்பத்தொரு நாள். இன்று காலை கார் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

“ஓட்டுபவரின் தவறான பழக்கத்தால், அதாவது கிளட்ச் பெடலில் இடைவிடாமல் கால் வைத்து ஓட்டியதால், கிளட்ச் பிளேட் எரிந்துள்ளது. உற்பத்திக் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. எனவே உத்தரவாதம் பொருந்தாது.”

வண்டி வாங்கிப் பதினோரு மாதம். ஓடியது பதினான்காயிரம் கிலோமீட்டர். புது கிளட்ச் போடும் செலவு என்னை உறுத்தவில்லை. அந்த ஒரு வரியைத்தான் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் அம்மாவை நான்தான் கொன்றேன் என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்த போதெல்லாம் எழுந்து வெளியே போனீர்கள். இப்போது கேளுங்கள்.

காலை ஆறு வீடுகளில் ரத்தம் எடுத்து லேபில் கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். மணி ஒன்பதரை. அத்தை சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நைட்டி முதுகெல்லாம் நனைந்திருந்தது. “நெஞ்சுல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு” என்றார். ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரி பன்னிரண்டு நிமிடத் தூரம். நீங்களாக இருந்தாலும் வண்டியைத்தான் எடுத்திருப்பீர்கள்.

மேம்பாலத்து ஏற்றத்தில் பாதி போனதும் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் ஏறியது. கருகின நாற்றம். பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி நடுரோட்டில் நின்று கையை ஆட்டினேன். முட்டை ஏற்றிப் போன ஒரு வேன்காரர்தான் கடைசியில் நிறுத்தினார். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

கம்பெனிக்கு மறுப்பு எழுதப் போகிறேன். வண்டி உங்கள் பேரில் இருக்கிறது. உங்கள் கையெழுத்து வேண்டும். அனுப்புங்கள்.


மார்ச் 15
துறைமுகம், ஊழியர் குடியிருப்பு

படித்தேன். கிழிக்கவில்லை.

பதினேழு வருஷமாக நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறேன். இயந்திரம் சும்மா கெடாது. யாரோ ஒருத்தர் கை, யாரோ ஒருத்தர் கால் அதற்குப் பின்னால் இருக்கும். கியர்பாக்ஸை இறக்கி, பிரித்துப் பார்த்துத்தானே எழுதியிருக்கிறார்கள்? அவர்களுக்கும் உனக்கும் என்ன பகை?

சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தபடியே நிற்பாய். நியூட்ரலில் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நீ “ம்” என்பாய், அவ்வளவுதான்.

நீ கேள் கேள் என்கிறாய். நானும் ஒன்று கேட்கிறேன். ஒன்பதரைக்கு அம்மாவுக்கு நெஞ்சு வலி. எனக்கு எப்போது போன் வந்தது? பத்து ஐம்பதுக்கு. எல்லாம் முடிந்த பிறகு. அந்த ஒரு மணி இருபது நிமிடத்தில் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்குத் தோன்றவில்லை. அம்மா குரலைக் கேட்டிருப்பேன். அதுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

சர்வீஸ் சென்டர்க்காரன் என்னிடம் பேசினான். “நல்லெண்ண அடிப்படையில்” பாதிக் கட்டணத்தில் மாற்றித் தருகிறானாம். ஒத்துக்கொள். வண்டியை எடுத்து வந்து உன் வேலையைப் பார். இதை இழுத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? அம்மா திரும்பி வரப்போகிறாளா?

கையெழுத்து அனுப்பவில்லை.


மார்ச் 21
வீடு

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில்.

பாலத்தில் நின்றபோது போனை எடுத்து உங்கள் நம்பரைத் தேடினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “அவனுக்குச் சொல்லாத. இப்ப மேல உக்காந்திருப்பான். பதறி அடிச்சு ஏணியில இறங்குவான். ஆஸ்பத்திரி போயிட்டு சொல்லிக்கலாம்” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிறகு சொல்வதற்கு வேறு செய்திதான் இருந்தது. இதை நான் முன்பே சொல்லாததற்குக் காரணம், உங்களுக்காகத்தான் தடுத்தார் என்று சொல்லி உங்களைக் குத்த வேண்டாம் என்றுதான். நீங்கள் எழுத வைத்துவிட்டீர்கள்.

இப்போது வண்டி விஷயம்.

பழைய வண்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணனை வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அந்தப் பழைய வண்டியின் கிளட்ச் என் காலடியில் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? அதே கால்தான்.

மேனேஜர் பட்டறைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே எங்களை நிறுத்தினார்.

“மேடம், வண்டி உங்க பேர்லயே இல்ல. ஓனர் பேசினாதான் நாங்க பேச முடியும்.”

“ஓட்டினது நான்.”

“அதான் மேடம் பிரச்சினையே.”

பக்கத்து மேசைப் பெண் தலை குனிந்துகொண்டாள். நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். புதுக் கார் வாங்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வண்டி விற்கிற இடத்தில் ஒரு பெண் அழாமல், கத்தாமல், கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பது அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது போல. கடைசியில் “அஞ்சு நிமிஷம்தான்” என்று உள்ளே விட்டார்கள்.

வண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கியர்பாக்ஸ் தனியாகக் கீழே கிடந்தது. அண்ணன் குனிந்து, அதன் வாய்க்குள் விரலை விட்டு வழித்தார். விரல் பழுப்பாய்ப் பளபளத்தது. மோந்து பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“தங்கச்சி, மோந்து பாரு. அழுகின முட்டை நாத்தம் அடிக்குதா? இது கியர் ஆயில். இந்த எடத்துக்கு இது வரவே கூடாது. இங்க ஒரு ரப்பர் வளையம் இருக்கு பாரு, ஆயில் சீலுன்னு சொல்லுவோம். அது விட்டுடுச்சு. பிளேட்டுல ஆயில் ஏறினா புடிப்பு போயிடும், வழுக்கும், வழுக்கி வழுக்கிக் கருகும். உன் காலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

மேனேஜர் சிரித்தார். “கழட்டும்போது சிந்தினதுங்க அது. ஓனரே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்காரு, நீங்க என்ன புதுசா கதை சொல்றீங்க?” என்று, வண்டியை விட்ட அன்று எழுதிய ஜாப் கார்டை எடுத்து என்முன் போட்டார்.

பிப்ரவரி பத்து. அத்தை போன நாலாம் நாள். “வாடிக்கையாளர் கூறியது: மனைவி எப்போதும் கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டுவார்.” கீழே உங்கள் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் நீளமாக, எப்போதும் போல.

அண்ணன் பஸ் ஸ்டாப் வரை என்னோடு நடந்து வந்தார். பஸ் வந்ததும் “சீட்டு கெடைச்சா உக்காந்துக்கம்மா” என்றார்.

கம்பெனி தானாக அந்த வரியை எழுதவில்லை. நீங்கள் சொன்னதைப் பார்த்து எழுதியிருக்கிறது. ஏன்?


மார்ச் 28
துறைமுகம்

கையெழுத்து என்னுடையதுதான்.

அது நாலாம் நாள். நான் தூங்கி நாலு நாள் ஆகியிருந்தது. அவன் கேட்டான், சொன்னேன். என்ன எழுதினான் என்று படித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. இதைவிட நன்றாக எழுதத் தெரியவில்லை.

ஏணி விஷயம் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று மேலே போய் கேபினில் உட்கார்ந்தேன். கப்பல் காத்திருந்தது. கீழேயிருந்து வயர்லெஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கை எழவில்லை. ஏணியின் ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண்ணெய் கியர் ஆயில்தான் என்று மெக்கானிக்குக்கு நிச்சயமாகத் தெரியுமா? கழற்றும்போது சிந்தியிருக்கவும் கூடும்தானே? வாய்ப்பே இல்லை என்கிறாரா? கேட்டு எழுது.

மறுப்புக் கடிதத்துக்கு மூன்று வெள்ளைத் தாள்களில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மேலே நீயே எழுதிக்கொள்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். இன்றைக்கு வேண்டாம்.


ஏப்ரல் 6
வீடு

தாள்கள் வந்தன. மறுப்பு அனுப்பிவிட்டேன். கம்பெனித் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் இருபத்திரண்டாம் தேதி வருகிறார். அதற்குள் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்: வண்டி நிற்பதற்கு முன்பே எண்ணெய் கசிந்ததற்குச் சாட்சி உண்டா? இருந்தால் சீல் பழுது, உத்தரவாதத்தில் வரும். இல்லாவிட்டால் கழற்றும்போது சிந்தியது, கோப்பை மூடிவிடுவார்கள்.

என்னிடம் சாட்சி இல்லை. நான் இருட்டோடு வண்டியை எடுப்பவள். தரையைக் குனிந்து பார்த்ததே இல்லை. பக்கத்து வீடுகளில் கேட்டேன். ஒருவர் தெரியாது என்றார். ஒருவர் கதவைப் பாதி திறந்து “பாவம் உங்க மாமியார்” என்று சொல்லி மூடிக்கொண்டார். உங்கள் சித்தி போன வாரம் வந்து அத்தையின் புடவைகளை எடுத்துப் போனார். போகும்போது வாசலில் நின்று, “ஓட்டத் தெரியாதவங்க கையில வண்டியக் குடுக்கறது அவன் தப்புதான்” என்று காற்றில் சொன்னார். பதிலுக்கு நான் கையில் இருந்த பையை அவரிடம் நீட்டினேன். அவர் எடுக்க மறந்த ரவிக்கைகள்.

ரத்த மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். இரண்டு வீடுகளில் தாமதமாகிவிட்டது என்று என்னை நிறுத்திவிட்டார்கள். நேற்று ஒரு பெரியவருக்கு ஊசி குத்தும்போது நரம்பு தவறிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல ஆளில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் இடது காலைப் பார்க்கிறேன். பாதம் தரையில் முழுதாய்ப் படிகிறதா, எதையாவது அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று. வைத்தேனா, வைக்கவில்லையா? பதினான்காயிரம் கிலோமீட்டரில் எங்கெங்கே வைத்தேன்? நேற்று குளியலறையில் அந்தக் காலைச் சுவரில் உதைத்தேன். விரல் நகம் பெயர்ந்துவிட்டது.

இருபத்திரண்டுக்கு இன்னும் பதினாறு நாள்.


ஏப்ரல் 11
துறைமுகம்

சாட்சி இருக்கிறது. நான்தான்.

ஜனவரி பதினேழாம் தேதி, லீவு முடிந்து நான் கிளம்பிய காலை. பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். குனிந்து தொட்டு மோந்தேன். எனக்கு அந்த நாற்றம் தெரியும், இயந்திரத்தோடு பிழைக்கிறவன். நம் குடியிருப்புக் காவலாளி பார்த்துவிட்டு “ஆயில் ஒழுகுது சார்” என்றார். “பாத்துக்கிறேன்” என்றேன். உன்னிடம் சொல்ல மாடிப்படி ஏறினேன். முதல் வளைவில் கடிகாரத்தைப் பார்த்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த லீவில் பார்க்கலாம் என்று இறங்கிவிட்டேன். ஓர் அட்டையை அதன்மேல் போட்டுவிட்டுப் போனேன். ரயில் ஏறிய பிறகு மறந்தே போனேன்.

வண்டி பாலத்தில் நின்றுவிட்டது என்று நீ போனில் சொன்ன அந்த நொடியில் அந்த நாற்றம் என் மூக்கில் வந்தது. பதினாறு மணி நேரம் ரயிலில் அதே நாற்றம்.

சர்வீஸ் சென்டரில் அவன் “யாரு சார் ஓட்டுறது?” என்றான். “என் மனைவி” என்றேன். “கிளட்ச் மேல கால வெச்சே ஓட்டுவாங்களோ?” என்றான். அவன் ஒரு கதவைத் திறந்தான், நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினேனே, அது பொய். படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

உன் கால் என்று நினைத்தால் எனக்கு மூச்சு வந்தது. அதனால் அப்படியே நினைத்துக்கொண்டேன். நாளாக ஆக நம்பவும் ஆரம்பித்தேன். உன் நகம் பெயர்ந்ததைப் படிக்கும்வரை.

நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு கம்பெனிக்கு நேராக அனுப்பிவிட்டேன். ஜாப் கார்டில் நான் சொன்னது பொய் என்றும் எழுதியிருக்கிறேன். நகல் இதோடு வைத்திருக்கிறேன். காவலாளியையும் கேட்டுக்கொள். சித்திக்கும் நானே எழுதிவிட்டேன்.


ஏப்ரல் 19
வீடு

வந்தது. காவலாளியைக் கேட்டேன். ஆமாம் என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். “சார் பாத்துக்கிறேன்னாரும்மா” என்றார்.

அத்தை போய் எழுபத்திரண்டு நாள். ஒரே வீட்டில் பத்து நாள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இனி எழுத வேண்டாம்.


மே 12
துறைமுகம்

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

போன மாதம் ஒரு கண்டெய்னரைக் கோணலாக இறக்கிவிட்டேன். கீழே நின்றவன் விலகியதால் பிழைத்தான். மேற்பார்வையாளர் என்னைக் கீழே இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார். கையுறை எடுத்துக் கொடுக்கிறேன். தரையிலேயே இருப்பது நல்லதாகத்தான் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையையும் உன்மேல் வைக்க மாட்டேன்.

ஒரே ஒரு கேள்வியோடு தினமும் எழுந்திருக்கிறேன். அந்த இருபது நிமிடம் இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா? டாக்டர் நம்பர் என்னிடம் இருக்கிறது. நாலு தடவை அடித்து, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். உன்னைக் கேட்கச் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை என்று உன்னிடம் சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.


ஜூன் 2
வீடு

ஆய்வாளரின் முடிவு வந்துவிட்டது. “கியர்பாக்ஸ் ஆயில் சீலில் உற்பத்திக் குறைபாடு. கசிவு முன்கூட்டியே இருந்துள்ளது. ஓட்டுபவரின் பழக்கத்துக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை.” சீல், கிளட்ச் எல்லாம் உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் சாவியைக் கொடுக்கும்போது, “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது மேடம்” என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

காகிதம் கைக்கு வந்தால் நிம்மதியாக ஒரு நாள் தூங்குவேன் என்று நினைத்திருந்தேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன். தூக்கம் வரவில்லை.

உங்கள்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. அது போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதை முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் ஒன்று நடுவில் இடிக்கிறது. அதை எழுதாவிட்டால் நானும் ஒரு ஜாப் கார்டில் பொய்க் கையெழுத்துப் போட்டவள் ஆவேன்.

அத்தை போனதற்கு முந்தின நாள், பிப்ரவரி ஐந்து, கடைசி வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் எஞ்சின் ஒரு தடவை வீணாக உறுமியது. லேசாகக் கருகல் நாற்றம். முன்னால் போன லாரியின் புகை என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். பெட்டியில் ரத்தம் இருந்தது, லேப் மூடுவதற்குள் கொடுக்க வேண்டும். நானும் நேரத்தைத்தான் பார்த்தேன். கம்பெனி என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்கு அத்தையைப் பார்த்த அதே டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது. என்னை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். கேட்டேன். அவர் கோப்பை எடுத்து வரச் சொல்லி, கோடு கோடாக இருந்த அந்த ஈசிஜி தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணியிருப்போம்மா. பிழைச்சவங்களும் இருக்காங்க. பிழைக்காதவங்களும் இருக்காங்க. இவங்களுக்கு என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஆறுதலா எதாவது சொல்லணும்னா சொல்லிடலாம். ஆனா உண்மை அதுதான். தெரியாது.”

வெளியே வந்து மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் உங்களை வெறுத்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். அவர் தெரியாது என்றார். நாற்பது நாளாக உங்களிடம் பேச வேண்டாம் என்று இருந்தவளுக்கு, அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது, இதை உங்கள் ஒருவரிடம்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. வேறு யாருக்குச் சொன்னாலும் “விடும்மா, விதி” என்பார்கள். உங்களால் அப்படிச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

வண்டி கீழே நிற்கிறது. இன்னும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை ரயிலில் வாருங்கள். நாம் பழையபடி ஆகிவிடுவோம் என்று நான் சொல்லவில்லை, ஆவோமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் சொன்னதை இந்த வீட்டில் நான் ஒருத்தியாகவே வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பாதியை நீங்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். கதவு தாழிட்டிருக்காது.